வலப்பக்கம் ஓடிய பந்து

பாலாற்றில் தண்ணீர் வராத மாதங்களில், ஓரிக்கைக்குப் பக்கத்து மணலில் இரண்டு பெண்கள் ஞாயிறு காலையில் கோல்ஃப் அடித்தார்கள் என்றால் நம்புகிறவர்கள் குறைவு. ஒருத்தி நான். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து பார்க்கிற வேலை எனக்கு. இன்னொருத்தி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், சமணக் குடும்பத்துப் பெண். கணவரோடு மலேசியாவில் இருந்தபோது கோல்ஃப் பழகியவள். அவர் இறந்த பிறகு ஊருக்குத் திரும்பி, பெரிய காஞ்சிபுரத்தில் அண்ணனின் அரிசி மண்டியைப் பார்த்துக்கொள்கிறாள். மட்டைகள் அவளுடையவை. ஆடு மேய்க்கிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்த ஒரு கோடைக்காலம் ஆயிற்று.

எனக்கு அதில் ஒரு காரியம் இருந்தது. எங்கள் தொழிற்சாலையின் கொரிய மேலாளர்கள் ஆண்டுதோறும் மற்ற கம்பெனிக்காரர்களோடு கோல்ஃப் ஆடுவார்கள். இந்த முறை ஊழியர்களையும் சேர்ப்பதாகச் சொல்லி, ஆள் எடுக்க ஒரு நாளும் குறித்துவிட்டார்கள். அதுவரை அவர்கள் என்னிடம் பேசியது அளவைப் பற்றி மட்டும்தான். அந்த அணியில் எனக்கு இடம் வேண்டும். பேராசைதான், இருக்கட்டுமே.

பந்து ஒத்துழைக்கவில்லை. ஒழுங்காகத்தான் கிளம்பும். பாதி தூரத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி வலப்பக்கம் வளைந்து நாணலுக்குள் போய்விடும்.

"இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல திரும்பி நில்லுடி," என்பாள் அவள். திரும்பி நிற்பேன். பந்து முன்னைவிட மோசமாக வளையும். "இன்னும் கொஞ்சம்," என்பாள். கடைசியில் நான் இலக்கைப் பார்த்து நிற்கிறேனா, பாலத்தைப் பார்த்து நிற்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. "உலக்கை புடிக்கிற கையி உன்னுது, என்னா பண்றது," என்று சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு ஞாயிறு அவள் வரவில்லை. திருப்புட்குழியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். மட்டைகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தனியாக அடித்தேன். அன்று மணல் ஈரமாக இருந்ததால், மட்டை கீறிய இடமெல்லாம் தடம் அச்சாக விழுந்தது. தடத்தைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது, என் வேலை அப்படி. குடைக் கம்பியால் இலக்கை நோக்கி ஒரு நேர்க்கோடு போட்டு, பந்தில்லாமல் அதன்மேல் வீசினேன். கீறல் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இடப்பக்கம் போயிற்று. மறுபடி வீசினேன், மறுபடியும் அதே.

அடக் கடவுளே! இத்தனை நாளும் பந்து போகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், மட்டை போகிற பக்கத்தைப் பார்க்கவேயில்லை. மட்டைத் தலை கோட்டுக்கு வெளியிலிருந்து என் உடம்புப் பக்கமாகக் குறுக்கே வருகிறது. பந்தைத் தொடும் அதன் முகமோ இலக்கைப் பார்த்து இருக்கிறது. வழிக்கும் முகத்துக்கும் நடுவிலுள்ள அந்தக் கோணம்தான் பந்தைச் சுழற்றி வளைக்கிறது. நான் இடப்பக்கம் திரும்பத் திரும்ப மட்டையின் வழியும் இடப்பக்கம் போகும், முகம் மட்டும் இலக்கைவிட்டு அசையாது, கோணம் பெரிதாகும். மருந்தென்று நினைத்துச் செய்ததுதான் நோயை வளர்த்திருக்கிறது.

ஏன் குறுக்கே வருகிறது என்பதையும் பார்த்தேன். சுவரில் சாய்த்துவைத்த தாம்பாளத்தின் விளிம்பு மாதிரி, மட்டைத் தலை ஒரு சாய்ந்த வட்டத்தில் ஏறி ஏறக்குறைய அதே சாய்வில் இறங்க வேண்டும். நான் இறக்கும்போது வலது தோளை முதலில் முன்னே தள்ளினேன். மட்டை சாய்வை விட்டு வெளியே போய், செங்குத்தாக விழுந்தது. பந்து இருக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், வெளிப்பக்கமாக என் செருப்பை வைத்து வீசினேன். செருப்பு பறந்தது. எடுத்துவந்து வைத்து, தோளை அடக்கி, கைகளை முதலில் கீழே விட்டேன். செருப்பு தப்பித்தது. அப்புறம் பந்தை வைத்து அடித்தேன். நேராகப் போயிற்று. "அடி சக்கை!" என்று யாருமில்லாத ஆற்றில் கத்தினேன்.

மறுவாரம் அவளுக்கு அடித்துக் காட்டினேன். பந்து போன திசையை அவள் பார்க்கவேயில்லை. குனிந்து மணலில் விழுந்த தடத்தைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது.

"உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடி லெஃப்ட்ல திரும்பு, லெஃப்ட்ல திரும்புன்னு சொல்லிக்கினு இருந்த? என்னா நெஞ்சழுத்தம் உனக்கு!"

அவள் மட்டையில் ஒட்டிய மணலைத் துடைத்தாள். "நேரா போச்சின்னா நீயும் அவங்களோட போயிடுவ. ஞாயித்துக்கெழம நான் யார்கூட பேசறது? மண்டியில மூட்டகிட்டயா?"

"என்னைய என்னான்னு நெனச்ச? நான் அப்படிப்பட்டவளா?" என்று கத்திவிட்டு வந்தேன். இரண்டு நாளில் சமாதானமாகிவிட்டோம்.

ஆள் எடுத்த அன்று என் பந்து நேராகப் போனது. அணியில் சேர்த்துக்கொண்டார்கள், மேலாளர் கைகொடுத்தார். சந்தோஷத்தில் வீடுவரை தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பயிற்சி ஞாயிறு காலைகளில், சென்னைப் பக்கம் ஒரு புல்வெளியில். கம்பெனி வேன் வந்து கூட்டிப்போகும். முதல் ஞாயிறு அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அடுத்த வாரம் சொல்ல மறந்துவிட்டது. பிறகு சொல்லவும் எதுவும் இல்லையென்று ஆயிற்று. ஒரு மாலை மனசு கேட்காமல் ஃபோன் செய்தேன்.

"பந்து நேரா போவுதா?" என்று கேட்டாள்.

"போவுது."

"தோளு முன்னாடி வராம பாத்துக்கோமா."

அவ்வளவுதான். 'நான் அப்பவே சொன்னேன் பாத்தியா' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.