நாலு வழிச் சாலையும் நட்ட நடுவுல நின்ன கரகமும்

ரோடு போடுறவன் தூங்கப் போனப்புறம், அந்த ரோட்டால நாசமான ஜனங்ககிட்ட "உங்களுக்கு என்ன பண்ணலாம்?"னு சிரிச்ச முகமா கேக்குறதுதான் என் தொழில். கம்பெனி இதுக்கு 'சமூக ஒருங்கிணைப்பாளர்'னு பேரு வெச்சிருக்கு. தமிழ்ல சொன்னா, திட்டு வாங்குற ஆள். யாரோ பண்ணின தப்புக்கு கவுன்ட்டர்ல உக்காந்து ஏச்சு கேக்குற பேங்க், ஆஸ்பத்திரி, கரன்ட் ஆபீஸ் சொந்தங்களே, இது உங்களுக்குத்தான்.

திருவண்ணாமலைக்கு வெளிய ஒரு பைபாஸ். ஒரு காலனியை ரெண்டா பொளந்துட்டுப் போகுது. கோயில் தெரு மேக்கால, குளத்துத் தெரு கெழக்கால, நடுவுல ஒன்றரை ஆள் உசரத்துக்கு மண்மேடு, அது மேல ரோடு. இதை எப்படியாவது சரி பண்ணுன்னு என்னை அனுப்பினாங்க.

ஒரு வளைவின் காரணம்

மொத நாள் மேப்பைப் பிரிச்சேன். ரோடு நேரா வருது. ஊர்க்கிட்ட மட்டும் மரியாதையா ஒதுங்கி ஒரு வளைவு. அப்புறம் காலனிக்குள்ள ஈட்டி மாதிரி நேரா பாயுது. ஊர் வேற, காலனி வேறங்கறது நம்ம பக்கத்துல பச்சப்புள்ளைக்கும் தெரியும். மேப்புக்கும் தெரிஞ்சிருக்கேன்னுதான் எனக்கு ஆச்சரியம்.

எங்க இன்ஜினியர் நல்ல மனுஷன், ஈ எறும்புக்குத் துரோகம் நினைக்காதவர். இங்க ஏன் சார் வளைஞ்சீங்க, அங்க ஏன் வளையலன்னு கேட்டேன். டீயை ஊதிக்கிட்டே சொன்னார்: "ஊர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில் இருக்கு மேடம். காலனிப் பக்கம் ஒண்ணும் இல்லையே, வீடுங்கதான்."

வராத கூட்டம்

கருத்துக் கேட்புக் கூட்டம் வெச்சோம். ஊருக்குள்ள இருக்கிற கல்யாண மண்டபம், ஏசி, சேர், கேசரி, போண்டா. ஒரு ஈ காக்கா வரல. போண்டாவை நானும் மைக் செட்காரரும் தின்னு தீர்த்தோம்.

கோவத்தோட காலனிக்குப் போனேன். மகளிர் குழுத் தலைவி மல்லிகாக்கா பாத்திரம் வெளக்கிட்டிருந்தாங்க. "உங்களுக்காகத்தானே கூட்டம் போட்டோம், ஒருத்தர்கூட வரலன்னா என்னக்கா அர்த்தம்?"னு எகிறினேன். அவங்க தலையைக்கூட நிமித்தல. "எங்க வீட்டு கல்யாணத்துக்கே அந்த மண்டபம் தரமாட்டாங்கம்மா. நீ கேசரி வெச்சிருக்கேன்னா மட்டும் உள்ள விட்டுருவாங்களா?"

என் கோவம் வந்த வழியே போயிடுச்சு. அடுத்த கூட்டம் அவங்க கோயில் வாசல்ல, வேப்பமரத்தடியில.

பௌர்ணமி

மல்லிகாக்காவோட பொண்ணு செல்வியைக் கட்டிக் குடுத்தது எதிர்த்தாப்புல இருக்கிற குளத்துத் தெருவுலதான். பக்கத்துலயே இருக்கட்டும்னு ஆசையா குடுத்த பொண்ணு. ரோடு வந்ததும் அந்த எதிர் தெரு வெளியூராயிடுச்சு. செல்வி பச்சை உடம்புக்காரி, குழந்தை பொறந்து ஒரு வாரம்கூட ஆகல. அம்மா தெனம் பத்தியச் சோத்தைத் தூக்குல போட்டு, மேட்டுல ஏறி, ரோட்டைத் தாண்டிப் போவாங்க.

பௌர்ணமி அன்னிக்கு நானும் கூட நின்னேன். கிரிவலத்துக்கு வர்ற பஸ்ஸு, வேனு, காரு, வால் முடியவே இல்ல. ரசம் ஆறிப்போச்சு. அக்கா கையை நீட்டிக்கிட்டு ஒரு கால் எடுத்து வைக்க, ஒரு வேன் கிறீச்சுனு நின்னுச்சு. "சாமி பாக்கப் போறோம், வழி விடும்மா, புண்ணியம் கெடைக்கும்"னு டிரைவர் கத்தினார். அக்கா வேனுக்கு முன்னாடி நின்னு நிதானமா பதில் சொன்னாங்க: "நீ மலையைச் சுத்திப் புண்ணியம் வாங்கிக்கோப்பா. நான் இந்த ரோட்டைத் தாண்டிட்டா அதுவே மறுபொறப்பு."

அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. கோயிலுக்கு நேரா, மேட்டுக்கு அடியில ஒரு சுரங்கப்பாதை.

அழகுபடுத்தும் திட்டம்

சுரங்கப்பாதைன்னதும் கம்பெனிக்குக் காய்ச்சல் வந்துடுச்சு. அதுக்குப் பதிலா எங்க மேனேஜர் ஒரு யோசனை பண்ணினார். குளத்துத் தெருவுல வாசப்படியில உக்காந்தா முன்னெல்லாம் மலை தெரியும், தீபம் தெரியும். இப்ப மேடுதான் தெரியும். அதனால மேட்டோரச் சுவர்ல மலையையும் தீபத்தையும் பெயின்ட்ல வரைஞ்சு குடுத்துடலாமாம். மனக்காயம் ஆறுமாம்!

இதை வேப்பமரத்தடியில நான்தான் படிச்சுக் காட்டணும். படிச்சேன். அப்புறம் செல்வியோட மாமியார் கேட்டாங்க: "மலையை மறைச்சுட்டு மலையையே வரைஞ்சு தரீங்க. நாளைக்குச் சோத்தையும் வரைஞ்சு தருவீங்களாம்மா?"

கரகம்

ஒரு வழியா கம்பெனியில சுரங்கப்பாதைக்கு ஒத்துக்கிட்டாங்க. ஆனா கோயிலுக்கு நேரா இல்லையாம். ரொம்பத் தள்ளி, ஆளே இல்லாத புது மனைப்பிரிவு வாசல்ல. மனை வித்தவருக்கு எந்தக் கதவைத் தட்டணும்னு தெரிஞ்சிருக்கு. நான் எழுதின மெயிலுக்கெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் வந்துச்சு.

அப்பதான் ஆடி வந்துச்சு. மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துற அன்னிக்கு, மல்லிகாக்காவோட கொழுந்தன் ஏழுமலை கரகம் எடுப்பார். கரகம் கோயில்ல கெளம்பினா ரெண்டு தெருவையும் சுத்திட்டு கோயில்லதான் எறங்கணும். நடுவுல கீழ வைக்கக்கூடாது. வந்த வழியே திரும்பவும் கூடாது. போன வருஷம் ரோட்டு நடுத்தடுப்புல ஒரு இடைவெளி இருந்துச்சு, அது வழியா தாண்டிட்டாங்க. இந்த வருஷம் ஆடிக்கு முந்தின வாரம் பாதுகாப்புன்னு சொல்லி எவனோ அதை இரும்பு வேலி போட்டு அடைச்சுட்டான்.

பம்பை முழங்க, கரகத்தோட ஏழுமலை மேடேறி வந்தார். வேலிகிட்ட நின்னார். நின்னவர் நின்னவர்தான். சுத்தி மொத்த காலனியும். ரெண்டு பக்கமும் லாரி, பஸ்ஸு, எல்லாரும் ஹாரன். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்லேருந்து ஜீப்புல அதிகாரி பறந்து வந்தார். கெஞ்சினார், மெரட்டினார். கடைசியா, "ஒரு நிமிஷம் சாமியைக் கீழ எறக்கி வைங்க, பேசிக்கலாம்"னார். மல்லிகாக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு முன்னாடி வந்தாங்க. "வைக்கலாம் சார். வெச்ச எடத்துலதான் கோயில் கட்டணும்னு எங்க வழக்கம். ரோட்டை நீங்களே தள்ளிப் போட்டுக்கறீங்களா?"

நான் கம்பெனி ஆள். விசில் அடிக்காம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குனியாத சாமி

அன்னிக்கு வேலியை அறுத்து வழி விட்டாங்க. அடுத்த வாரமே வரைபடத்துல சுரங்கப்பாதை கோயிலுக்கு நேரா நகந்துடுச்சு. சந்தோஷமா வாங்கிப் பாத்தா, மேல 'மாட்டுப் பாதை'ன்னு எழுதியிருக்கு. மாடு போற உசரம்தான். நம்ம இன்ஜினியர் வேப்பமரத்தடிக் கூட்டத்துல விரல் விட்டு விளக்கினார்: மாடு போகும், ஆடு போகும், ஆளும் போலாம். கரகத்துக்கு மேல பூ ஜோடனை ஓங்கி நிக்குமே சார்னு கேட்டேன். அன்னிக்கு மட்டும் கொஞ்சம் குனிஞ்சு போகச் சொல்லுங்களேன்னார், வெள்ளந்தியா.

ஏழுமலை அதுவரைக்கும் எந்தக் கூட்டத்துலயும் வாயைத் திறக்காதவர். "சாமியைக் குனியச் சொல்றதுக்குப் பதிலா, உங்க ரோட்டைக் கொஞ்சம் நிமிரச் சொல்லுங்க சார்."

திறப்பு விழா

ரோடு நிமிந்துச்சு, அடியில பாதையும் கரகம் போற உசரமாச்சு. பாதையைத் திறக்கப் பெரிய மனுஷர் ஒருத்தர் வந்தார். பந்தல், மாலை, பட்டாசு. இந்த ஏழை ஜனங்களுக்கு வழி குடுத்த கருணை உள்ளம்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் மைக்ல உருகினாங்க. எல்லாரும் கை தட்டுங்கன்னு சொல்ற வேலை எனக்கு.

நான் வாயெடுக்குறதுக்குள்ள மல்லிகாக்கா எழுந்தாங்க. இடுப்புல பேத்தி. இன்னும் ரிப்பன்கூட வெட்டல. நேரா போய் ரிப்பனைத் தூக்கிப் பிடிச்சு, அடியில நுழைஞ்சு, அந்தப் பக்கம் நின்ன செல்வி கையில குழந்தையைக் குடுத்தாங்க. பெரிய மனுஷர் சமாளிச்சுக்கிட்டு, "வழி குடுத்துட்டோம்ல, இப்ப சந்தோஷம்தானேம்மா?"ன்னார். அக்கா திரும்பிப் பாத்தாங்க. "வழி எப்பவும் எங்களுதுதான் சார். குறுக்க வந்தது நீங்க."

கம்பெனி என் வேலையை மெச்சி இப்ப இன்னொரு பைபாஸுக்கு அனுப்பியிருக்கு, அங்கயும் ரோட்டைப் போட்டு முடிச்சுட்டுத்தான் ஜனங்களோட கருத்தைக் கேக்கப் போறோமாம்.