அத்தானின் ரிசல்ட்டைத் துரத்தி மதுரை வரை

போன வியாழக்கிழமை மதுரையில், ஒரு ஆராய்ச்சிக்கூடத்து வாசலில், கையில் ஒரு கிலோ அல்வாவோடு நின்றுகொண்டிருந்தேன்.

யாருக்கு அல்வா? புற்றுநோய்க் கட்டியில் ஜீன் பார்க்கிற ஒரு டாக்டருக்கு. எதற்கு? என் அத்தானின் ரிசல்ட்டைக் 'கொஞ்சம் பார்த்து'ச் சொல்வதற்கு.

சிரிக்காதீர்கள். முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அத்தான் என்றால் என் அக்காள் வீட்டுக்காரர். முக்கூடலில் வீடு, பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கணக்கில் புலி. வாயில் வெற்றிலை, புகையிலை. வகுப்பில் மட்டும் போடமாட்டார். பீரியட் முடிந்து மணி அடித்தால் போதும், அடுத்த நிமிஷம் கன்னம் உப்பிவிடும். இருபத்தைந்து வருஷமாக இதே டைம்டேபிள்.

தை மாதம் இடது கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண். "சுண்ணாம்பு கூடிப் போச்சு" என்றார். மாசியிலும் சுண்ணாம்பின் மேல்தான் பழி. பங்குனியில் இட்லியை உள்ளே தள்ளுகிற அளவுக்குக்கூட வாய் திறக்காமல் போனபோதுதான் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார். கன்னத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அப்புறம் கரண்டு வைத்தார்கள்; ரேடியேஷனுக்கு எங்கள் ஊர்ப் பேர் அது. இப்போது ஸ்பூனில் கஞ்சி. பேச்சு கொஞ்சம் குழறும். நக்கல் மட்டும் துளி குறையவில்லை.

ஆபரேஷன் சமயத்தில் ரெஜினா என்று ஒரு இளம் டாக்டர் வந்து கையெழுத்துக் கேட்டார். உடம்பில் பி-53 என்று ஒரு ஜீன் இருக்கிறதாம். செல்கள் தறிகெட்டுப் பெருகாமல் பிரேக் போடுவது அதன் வேலை. சிலருடைய கட்டியில் அந்த பிரேக் பழுதாகியிருக்குமாம். அப்படிப் பழுதானவர்களுக்கு நோய் திரும்ப வருகிறதா, மற்றவர்களுக்கு வராமல் இருக்கிறதா என்று ஆராய்ச்சி. வெட்டியெடுத்த கட்டியில் ஒரு துண்டு வேண்டும் என்றார்.

"தாராளமா எடுத்துக்கோங்கம்மா. இனி அது எனக்கு எதுக்கு?" என்று அத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

போட்டதோடு மறந்தும் போனார். ஆனால் பக்கத்தில் என்னோடு நின்ற அக்காள் மறக்கவில்லை. அத்தனை விளக்கத்தில் அவள் காதில் தங்கியது ஒன்றே ஒன்றுதான் — திரும்ப வருமா, வராதா.

அவளுக்கு அது தெரிந்தே ஆகவேண்டிய கட்டாயம். ஒரே மகள் காந்திமதி, இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் முடித்து லீவுக்கு வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு வரன். பையனுக்கு பேங்க் வேலை, நல்ல குடும்பம். ஆனால் இரண்டு கண்டிஷன். ஆவணியில் கல்யாணம். படிப்பு, படித்தவரை போதும்.

அக்காள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏலே தம்பி, மதுரைக்குப் போய் அந்த டாக்டரம்மாவைப் பாரு. நல்லதாச் சொன்னா புள்ள படிக்கட்டும். இல்லேன்னா... அவுக இருக்கும்போதே புள்ள கழுத்துல தாலி ஏறிரணும். மணவறையில அவுக நிக்கணும்லா?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன், வாயைத் திறக்காமல் அல்வா வாங்கப் போனேன்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி. உங்களில் யாரும் 'பேப்பர் சேஸிங்' பண்ணியதில்லை என்று கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! பையன் பரீட்சை எழுதி முடித்ததும், அந்த விடைத்தாள் எந்த ஊருக்குத் திருத்தப் போயிருக்கிறது, எந்த வாத்தியார் கையில் இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, பஸ் ஏறிப் போய், 'கொஞ்சம் பார்த்துப் போடுங்க சார்' என்று நிற்கிற திருப்பணி... நம் ஜில்லாவில் அதற்கென்றே லீவு போடுகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். தாள்களுக்கு ரகசிய நம்பர் போட்டுப் பார்த்தார்கள். நாம் விடுவோமா? நம்பரையும் துரத்தினோம்.

அத்தானுக்கு இந்த ஜாதியே ஆகாது. ஒருமுறை உவரியில் இருந்து ஒரு அண்ணாச்சி, மகனுடைய கணக்குப் பேப்பரைத் தேடி வந்தார். கையில், முழம் நீளத்துக்கு ஒரு சீலா மீன். சுத்த சைவ வீட்டுக்கு! அக்காள் புழக்கடைக்கு ஓடிவிட்டாள். அத்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டே, "அண்ணாச்சி, மீனு உம்ம கடலோடது. மார்க்கு உம்ம மகன் எழுதினதோடது. ரெண்டையும் கலக்காதேயும்" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்.

அப்பேர்ப்பட்டவருடைய பேப்பரை நான் துரத்திக்கொண்டு போகிறேன். அவருக்குத் தெரியாமல்!

ரெஜினா என்னை அடையாளம் கண்டுகொண்டார். அல்வாவையும்.

"சார், திங்கிற பொருளை லேபுக்குள்ள கொண்டுவரக் கூடாது."

வெளியே வாட்ச்மேன் ஸ்டூல் மேல் அதை வைத்துவிட்டு வந்தேன். ரெஜினா ஒரு தட்டை எடுத்துக் காட்டினார். சின்னச் சின்ன வெள்ளை மெழுகு வில்லைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் கடுகளவு, மிளகளவு சதை. ஓரத்தில் வெறும் நம்பர். அத்தானின் கன்னம் இதில் எங்கேயோ இருக்கிறது.

"இதுல எங்க அத்தானோடது எதும்மா?"

"எனக்கே தெரியாது சார். யாரோடதுன்னு தெரிஞ்சா பார்க்கிற கண்ணு ஒரு பக்கமா சாஞ்சிரும். அதனாலதான் நம்பர். பேர் இருக்கிற நோட்டு ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட இருக்கு. அவரும் தர மாட்டார்."

"கொஞ்சம் பார்த்து..."

"சார், நான் சொன்னாலும் உங்களுக்கு உபயோகமில்லை. இந்த ஜீன் நிஜமாவே ஏதாவது சொல்லுதான்னு எங்களுக்கே இன்னும் தெரியாது. அஞ்சு வருஷம் எல்லாரையும் பார்ப்போம். யாருக்குத் திரும்ப வந்தது, யார் நல்லா இருக்காங்கன்னு அந்த நோட்டோட ஒத்துப் பார்த்தப்புறம்தான் பேச முடியும்."

எனக்கு இது பாதிதான் ஏறியது. 'தெரியாது' என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. ஊர் வந்து அக்காளிடம் அதையே சொன்னேன்.

"தெரியாதுன்னா சொன்னா? இம்புட்டுப் படிச்சவளுக்குத் தெரியாமலா இருக்கும்? அவ மறைக்காலே! எல்லாம் முடிஞ்சு போச்சு..."

அங்கேதான் நம் ஆட்கள் நிற்கிறார்கள். நோயாளியிடம் நல்லதை மட்டும்தான் சொல்லவேண்டும் என்று டாக்டர்களைப் பழக்கி வைத்தவர்களே நாம்தான். அதனால் ஒரு டாக்டர் உண்மையாகவே 'தெரியாது' என்றால், நமக்கு அது சங்கு ஊதுகிற சத்தமாகக் கேட்கிறது. அன்றைக்குச் சாயந்திரமே அக்காள் அம்பாசமுத்திரத்துக்கு ஆள் விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வாருங்கள் என்று. காந்திமதி, ஹாஸ்டலுக்குக் கட்டி வைத்திருந்த பெட்டியை அவிழ்த்து, புத்தகங்களைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

அதைத்தான் அத்தான் பார்த்துவிட்டார். துருவியதில் என் மதுரைப் பயணமும் வெளியே வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் எனக்குச் சம்மன்.

"உண்மையைச் சொல்லும் வே. மதுரைக்கு எதுக்குப் போனீரு?"

சொன்னேன். அல்வா வரை சொன்னேன்.

"ஏலே! எம் பேப்பரையே சேஸ் பண்ணியாலே?" என்று கத்தப் பார்த்தார். கத்த வாய் திறக்கவில்லை. அந்த ஆத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தையல் போட்ட கன்னத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம், "அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு? ஒரு எழுத்து விடாமச் சொல்லு" என்றார்.

அஞ்சு வருஷம் பார்ப்பது, ஒத்துப் பார்ப்பது எல்லாம் ஒப்பித்தேன். கணக்கு வாத்தியார் இல்லையா? எனக்கு ஏறாதது அவருக்கு உடனே ஏறியது.

"கிறுக்குப்பயலே, அந்த ஜீனு எனக்கு மார்க் போடலலே. நாங்க அம்புட்டுப் பேரும் அஞ்சு வருஷம் இருந்து காட்டி, அதுக்குத்தான் மார்க் போடணும். நான் பேப்பர் திருத்துத வாத்தியாரு. எங்கிட்ட வந்து ரிசல்ட் கேக்கியளே!"

பிறகு அக்காளைக் கூப்பிட்டார். "அம்பாசமுத்திரத்துக்குச் சொல்லி விடு. புள்ள படிக்கட்டும்."

அக்காள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாள் யார் வாயிலும் வராத கேள்வி அவள் வாயில் வந்தது.

"நீங்க... இல்லாமப் போயிட்டா?"

அத்தான் அவசரப்படவில்லை. போர்டில் கணக்குப் போட்டுக் காட்டுகிற தோரணையில், பைய, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நான் இருந்தா, அவளைப் படிக்க வைக்கது எனக்கு ஆசை. நான் இல்லேன்னா, அவ படிச்சிருக்கது உனக்கு ஆதரவு. ரெண்டு வழியில போட்டாலும் விடை ஒண்ணுதாம்லா வருது? அப்புறம் அந்த ரிசல்ட் நமக்கு எதுக்கு?"

அக்காள் ஓவென்று அழுதாள். நானும்தான். எழுதுகிறவன் என்றால் அழக்கூடாதா என்ன? காந்திமதி மட்டும் அழவில்லை. உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள்.

அத்தான் பிழைப்பாரா? எனக்குத் தெரியாது. ஆபரேஷன் செய்த டாக்டருக்குத் தெரியாது, ரெஜினாவுக்கும் தெரியாது. பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி போன் மணி அடித்தால் இப்போதும் எழுந்து ஓடுகிறேன். ஆனால் ஒன்று. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தால்தான் இன்றைக்கு முடிவெடுக்க முடியும் என்று நாம் எத்தனை காரியங்களைக் கிடப்பில் போட்டு வைத்திருக்கிறோம்? ஒரு தடவை இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்தால் என்ன?

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் காந்திமதி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஏற்றிவிட அத்தானே வந்தார்.

பி-53 பாஸா, ஃபெயிலா? ஐந்து வருஷம் கழித்துத்தான் தெரியுமாம். அது அதனுடைய கவலை!