வாளையார் பஸ்ஸில் நான் மூல டாக்டர் ஆன கதை

கொரோனா ஓய்ந்து பஸ்கள் பழையபடி நிரம்பி ஓட ஆரம்பித்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயமுத்தூரிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில் மடியில் ஒரு கனமான பையோடு உட்கார்ந்திருந்தேன்.

நான் டாக்டர்தான். ஆனால் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் இல்லை. போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களிடம் எச்.ஐ.வி. எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கேரள எல்லையில் உள்ள வாளையாரைத் தாண்டி ஒரு டயர் கடையின் பின்னறையில் அவர்களைச் சந்திப்பேன், பேசுவேன், சம்மதித்தால் ரத்தம் எடுப்பேன். எங்கள் வேலையில் ஒரு கண்டிப்பு உண்டு. வெளியில் அவர்களைப் பார்த்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தாலும் அவர் யாரோ, நான் யாரோ.

மதுக்கரையில் அப்படி ஒருவர் ஏறினார். தென்னந்தோப்பில் வேலை செய்கிறவர், முப்பது வயது இருக்கும். ஒரு காலத்தில் கூட்டாளிகளோடு ஒரே ஊசியைப் பகிர்ந்துகொண்டவர். பழக்கத்தை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. என்னிடம் எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொல்வார், ரத்தப் பரிசோதனை என்றால் மட்டும் "அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க" என்று நழுவிவிடுவார். அன்றைக்கு வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். கூடவே பூவும் பழமும் வைத்த கட்டைப்பையோடு அம்மா, தாய்மாமன், ஒரு கல்யாணத் தரகர். பொண்ணு பார்க்கப் போகிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. பரிசோதனையே செய்யாமல் கல்யாணம் வரைக்கும் போய்விட்டாரே. ஆனால் நான் வாயைத் திறக்க முடியாது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், நான் என் செருப்பைப் பார்த்தேன்.

வாளையாரில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். கஞ்சா தேடி ஏறிய அதிகாரி என் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே கவர் பிரிக்காத ஊசிகள், கையில் கட்டும் ரப்பர் பட்டை, ரத்தக் குப்பிகள், ஆணுறைப் பெட்டி. போதாததற்கு, ஆணுறையை எப்படி மாட்டுவது என்று காட்டிக்கொடுக்க மரத்தில் கடைந்த மாதிரி உறுப்பு ஒன்று. அதை எடுத்துத் தூக்கிப் பிடித்தவர், என்னவென்று புரிந்ததும் கை சுட்ட மாதிரி பைக்குள் போட்டார்.

பக்கத்து சீட் அம்மா, "பூரிக்கட்டையா கண்ணு?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

"ஒரு பக்கந்தான் பிடி இருக்குது" என்று குறைபட்டுக்கொண்டார்.

"இது எந்தா மேடம்? எங்க போறீங்க?" என்று மலையாளம் கலந்து கேட்டார் அதிகாரி. ஆராய்ச்சி என்றேன். என்ன ஆராய்ச்சி, எந்த இடம் என்று கேட்டார். உள்ளூர்க்காரர்கள் நிறைந்த பஸ்ஸில் அதைச் சொன்னால், டயர் கடைக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று ஊரே எட்டிப் பார்க்கும். அடையாள அட்டையோ வீட்டில், வேறு கைப்பையில். எங்கள் துறைத் தலைவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. "பள்ளிக்கூடப் பசங்களுக்கு ஊசி விக்கறதே இந்த மாதிரி ஆளுங்கதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஒருவர் செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

"கீழ இறங்குங்க மேடம்."

அப்போது வெள்ளைச் சட்டைக்காரர் எழுந்தார். உட்காருங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். என்னை எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்லுவார்?

"சார், அவிங்க டாக்டருங்க. நான் அவிங்ககிட்டத்தான் வைத்தியம் பாக்கறனுங்க."

"எதுக்கு வைத்தியம்?"

அவருடைய அம்மா, மாமன், தரகர் மூவரும் திரும்பி அவரையே பார்த்தார்கள்.

"மூலமுங்க."

தரகர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூலத்துக்கு இத்தனை ஊசியா?"

"நமக்கு ரொம்ப முத்திப்போச்சுங்க."

"அப்போ அந்தக் கட்டை?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் என் செருப்பைப் பார்த்தேன்.

"அதைப் பத்தி மட்டும் கேக்காதீங்க சார்" என்றார், அனுபவப்பட்ட குரலில்.

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. வீடியோ எடுத்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் போனை இறக்கிவிட்டார். நல்லவேளை, துறைத் தலைவர் திரும்பக் கூப்பிட்டார். அதிகாரி என் போனை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய்ப் பேசினார். திரும்பி வந்தவருக்கு உண்மை தெரிந்திருந்தது. வெள்ளைச் சட்டைக்காரரை ஒரு தரம் பார்த்தார். பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி, "சரிதான், மூல டாக்டர்தான்" என்று சொல்லி என்னிடம் பையைக் கொடுத்தார்.

பாதி வழிக்குள் நாலைந்து பேர் என்னிடம் வைத்தியம் கேட்டுவிட்டார்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள், கீரை சாப்பிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்லிவைத்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் டயர் கடைக்கு வந்தார். பொண்ணு வீட்டில் என்ன ஆச்சு என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"அம்மா அங்கியும் சொல்லிப்போட்டாங்க. பொண்ணோட அப்பாவுக்கும் அதேதானுங்களாம். அதைப் பத்தியே பேசிட்டிருந்தாருங்க. பொண்ணை எங்கீங்க பாக்கறது."

பிறகு சட்டைக் கையை மடித்து என் முன்னால் நீட்டினார். "ஒரு பஸ் சனத்துக்கு முன்னால மூலம்னே சொல்லியாச்சு. இனி எனக்கென்னங்க வெக்கம், எடுங்க." வாய்தான் அப்படிச் சொன்னது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மனசு மாறுவதற்குள் ரப்பர் பட்டையைக் கட்டினேன்.

பரிசோதனை முடிவு என்ன என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தப் பெண்ணிடம் தன் பழைய கதையை அவரே சொன்னார், முடிவை இருவரும் என் எதிரில் சேர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்கள், கல்யாணம் நடந்தது. இதை மட்டும் அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். கல்யாணப் பந்தியில் மாமனார் தேடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ஊறுகாய் தொட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு, பரிசோதனைக்குப் பயந்து பின்வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. பயந்தாங்கொள்ளி என்று நான் நினைத்திருந்த ஒருவர், பொண்ணு பார்க்கப் போகிற வழியில், எனக்காக அத்தனை பேருக்கு முன்னால் எழுந்து நின்றதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.