பதினோரு தடவை சிரித்த பிள்ளை

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர். கேலிக்கு வைத்ததில்லை. போனை எடுத்த மூன்றாவது மூச்சில், எதிர்முனையில் இருப்பது நிஜ ஆபத்தா வெட்டி விளையாட்டா என்று சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. இதை அவளே சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

அவள் மேஜையில் இரண்டு பொத்தான்கள். பச்சையை அழுத்தினால் வண்டி கிளம்பும். சாம்பல் நிறத்தை அழுத்தினால் பொய் அழைப்பு என்று பதிவாகி விஷயம் அத்தோடு முடிந்துவிடும். பச்சைக்குப் போன வண்டிக்காரர்கள் திரும்பி வந்து, ஆள் பிழைத்தார் என்றால் மேஜை நாட்காட்டியில் ஒரு கோடு போடுவாள். ஆள் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார் என்றால், வண்டிச் சத்தம் கேட்டுத் தெம்பு வந்திருக்கும் என்று அதற்கும் ஒரு கோடு. சாம்பலுக்கு யாரும் போவதில்லை, அதனால் யாரும் வந்து எதுவும் சொல்வதுமில்லை. மறுநாள்வரை புகார் வராவிட்டால் அதற்கும் ஒரு கோடு. இப்படி ஆடினால் யார்தான் தோற்பார்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த அழைப்பு வந்தது. பேச்சில்லை. டொக், டொக், டொக். பிறகு ஹ்ஹ் என்று ஒரு காற்று. மறுபடி மூன்று தட்டல். திரையில் ஒரு பழைய அடுக்குமாடியின் விலாசம் தெரிந்தது. ஏதோ பிள்ளை ரிசீவரைத் தரையில் தட்டிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது என்று அவளுக்குப் பளிச்சென்று பட்டது. சாம்பலை அழுத்தினாள்.

மூன்று நாளில் அதே வீட்டிலிருந்து பதினோரு தடவை அழைப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் சிரிப்பு இன்னும் துல்லியமாகக் கேட்டது. வியாழக்கிழமைக்குள் அது பெண் பிள்ளை, வயது ஆறு, முன்பல் விழுந்திருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஒலிப்பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

"அக்கா, எனக்குச் சிரிப்பு கேக்கலையே. யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு."

"காதை நல்லாத் தீட்டிக்கிட்டுக் கேளு. இதோ, தட்டி முடிச்ச உடனே."

மூன்றாவது தடவை ஓடவிட்டபோது அவருக்கும் கேட்டது. ஆமாம், குழந்தைதான் என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

வெள்ளிக்கிழமை அழைப்பு இல்லை. சனிக்கிழமையும் இல்லை. பிள்ளைக்குச் சலித்துவிட்டது, நான்தான் அப்போதே சொன்னேனே என்று, பாக்கி வைத்திருந்த பதினோரு கோடுகளையும் ஒரே மூச்சில் போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். பெற்றவளை நாலு வார்த்தை கேட்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அவள் கணவர் அங்கேயே வண்டி ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கூப்பிட்டு, திரும்பி வரும் வழியில் அந்த வீட்டில் இறங்கி, பிள்ளையின் அம்மாவைக் கண்டித்துவிட்டு வரச் சொன்னாள்.

அவர் திரும்பி வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவள் மேஜைக்கு எதிரே நின்றார்.

"அந்த வீட்ல பிள்ளையே இல்ல," என்றார்.

ஒரு தையல்காரர் தனியாக இருந்த வீடாம். தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல் போனவர், கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. ஏதாவது தேவையென்றால் சுவரில் மூன்று தடவை தட்டுவார் என்பது அந்தக் கட்டடத்துக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. செவ்வாய்க்கிழமை வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. வயரை இழுத்துப் போனைக் கீழே தள்ளியிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் காவலாளி கதவை உடைத்தபோது உயிர் போயிருந்ததாம், ரிசீவர் அவர் கழுத்துப் பக்கத்திலேயே கிடந்ததாம்.

"கையில கத்திரிக்கோல் இருந்துச்சாம். அதோட பிடியாலதான் தட்டியிருக்காரு," என்றார் கணவர்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும். டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் பதினொன்றையும் ஓடவிடச் சொன்னாள். இருவரும் ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள். குரலில்லாத மனிதர், கழுத்துத் துளை, அந்தக் காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே கேட்டாள். டொக், டொக், டொக். உடனே முன்பல் விழுந்த அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பதினோரு தடவையும் சிரித்தது.

டெக்னீஷியன் ஹெட்போனைக் கழற்றினார்.

"எனக்கும் இன்னும் சிரிப்புதான்க்கா கேக்குது."

அவள் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். பத்தொன்பது நாட்காட்டிகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எங்கும் ஒரே மாதிரிக் கோடுகள். எது பச்சை, எது சாம்பல் என்று அவள் எங்கேயும் குறித்து வைக்கவில்லை.

போன் அடித்தது. எடுத்தாள். யாரோ மூச்சு வாங்கினார்கள். அவளுக்குச் சிரிப்பு கேட்டது. பச்சையை அழுத்தினாள்.