துறைமுகத்தை விசாரித்தவர்

1987 ஆடி மாதம், இந்திய இராணுவம் எங்கள் இலங்கையில் போய் இறங்கிய கிழமை, பாரிஸின் லா சப்பல் பகுதியில் நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையில் பாயாசம் காய்ச்சினோம். அங்கே சமையல் முழுக்க என் கைதான். என் தோசைக்கல்லில் வேறு ஒருவரையும் கைவைக்க விட்டதில்லை.

முதலாளி புதுச்சேரிக்காரர். பத்ரோன் என்போம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குசினிக்குள் வந்தார்.

"எங்க ஆர்மி போயிடுச்சு அக்கா. இனிமே உங்களுக்கு என்ன பயம்?"

"எங்கட ஆமி எண்டுறியள், பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டைப் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டு!" என்றேன். கோப்பை கழுவியவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

எனக்கும் உள்ளுக்குள் அதே பெருமைதான். மகள் வசந்தி திருகோணமலையில் இருந்தாள். அவளை இங்கே எடுப்பிக்க எல்லா ஒழுங்கும் முடிந்திருந்தது. இனி வரத் தேவையில்லை, நானே ஊருக்கு வருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொல்ல இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கோட்டுப் போட்ட ஒருவர் சாப்பிட வந்தார். தமிழ்நாட்டுக்காரர், டெல்லியில் அரசாங்க வேலை, ஏதோ கூட்டத்துக்கு வந்தவர் என்றார் பத்ரோன். சாம்பார் வாளியோடு நானே போனேன்.

கடையில் எனக்கு ஒரு வழக்கம். வருகிறவர் முதலில் எதைக் கேட்கிறார் என்று பார்ப்பேன். பசியோடு வந்தவர் என்ன இருக்கிறது என்று கேட்பார். வேறு அலுவலாக வந்தவர் வேறு எதையாவது கேட்பார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"திருகோணமலை."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாரிஸில் என் ஊர்ப் பெயருக்கு அதுவரை ஒருவரும் அப்படி மலர்ந்ததில்லை.

"அடடா, என்ன துறைமுகம்! எவ்வளவு பெரிய கப்பலும் உள்ள வரலாமே. அந்த எண்ணெய் டாங்க் எல்லாம் அப்படியே இருக்கா? வெளிநாட்டுக் கப்பல் ஏதாவது வருதா?"

பூரித்துப்போய் இன்னொரு வடை வைத்தேன். மகள் அங்கே தனிய இருக்கிறாள் என்றேன். தலையாட்டிவிட்டுத் திரும்பவும் கப்பலுக்கே போனார். அப்போதுதான் எனக்கு ஏதோ இடித்தது.

"ஐயா, எங்கட சனத்தைக் காப்பாற்றத்தானே ஆமி வந்தது?"

"அதுவும்தாம்மா. ஆனா அதுக்கு மட்டும் எந்த நாடும் பட்டாளம் அனுப்பாது. அமெரிக்காக்காரனோ பாகிஸ்தான்காரனோ எங்க வாசல்ல வந்து உக்காந்துடக் கூடாது பாருங்க."

"அந்த அலுவல் முடிஞ்சால்?"

"முடிஞ்சா திரும்பிடுவாங்க. அப்புறம் அது உங்க நாட்டுப் பிரச்சினை." வடையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டார்.

வாளியோடு அப்படியே நின்றேன். கோபம்கூட வரவில்லை. நாளைக்கு மழை என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டாரே!

"அக்கா, சாம்பார ஊத்துங்க" என்றார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பத்ரோன். அவர் முகமும் கறுத்துப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வசந்தி தொலைபேசியில் சந்தோஷமாகப் பேசினாள். "அம்மா, இஞ்சை ஆமிக்கு மாலை போடினம்! எப்ப வாறியள்?"

"நான் வரேல்லை. நீ வெளிக்கிடு."

"இப்ப ஏனம்மா?"

"வெளிக்கிடு எண்டால் வெளிக்கிடு."

ஐப்பசியில், யாழ்ப்பாணத்தில் அதே ஆமியோடு சண்டை தொடங்கியது. குசினி வானொலியில் கேட்டோம். 'எங்க ஆர்மி' என்ற சொல்லைப் பத்ரோன் பிறகு எடுக்கவேயில்லை.

கோட்டுக்காரரை நான் குறை சொல்லமாட்டேன். கேட்டதற்கு உண்மையைச் சொன்னார். ஒரு பெரிய நாடு உதவிக்கு வருகிறது என்றால், அது முதலில் எதை விசாரிக்கிறது என்றுதான் இன்றைக்கும் பார்க்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் வசந்திதான். பாரிஸை ஒட்டிய சென் தெனியில், என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள்.