ராஜேந்திரன் அண்ணனின் அடுப்பு

சுபஹு தொழுதுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆய்வுகூடத்து வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ராஜேந்திரன் அண்ணனுக்கு விடியற்காலை நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். "இன்னாலில்லாஹி" என்று வாய் சொன்னது. அதை மனம் ஏற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அனுதாபங்கள் வரிசையாக வந்தன. மூன்று பேர் அவரை 'அடுப்பு ராஜேந்திரன்' என்று எழுதியிருந்தார்கள். பாசத்தோடுதான் எழுதினார்கள். எனக்குத்தான் அதைப் படிக்க முடியவில்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அந்த அடுப்பைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாங்காயை வெட்டாமலே அது முற்றிவிட்டதா என்று சொல்லும் கைக்கருவி ஒன்று எங்களிடம் வந்தது. தோலில் வைத்து அழுத்தினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு, நீர் போகச் சதையில் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிடும்; அது கூடினால் காய் முற்றிவிட்டது. ஆனால் அதற்கு முதலில் நாம்தான் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒளி காட்டிய ஒவ்வொரு காயையும் வெட்டி, ஒரு துண்டை நிறுத்து, மின் அடுப்பில் உலர்த்தி, மறுபடியும் நிறுத்து உண்மையான அளவைக் கொடுக்க வேண்டும். அது அண்ணனின் வேலை. அவர் தந்த அளவையும் கருவி கண்ட ஒளியையும் கணினியில் பொருத்துவது என் வேலை.

மனிதர் பொல்லாத பிடிவாதக்காரர். துண்டை உலர்த்தி நிறுப்பார், திரும்ப வைப்பார், திரும்ப நிறுப்பார். எடை இனிக் குறையாது என்று தெரியும்வரை எண்ணைத் தரமாட்டார். பெண் பார்க்கக்கூட இவ்வளவு நேரம் எடுத்திருக்கமாட்டீர்கள் என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். "பொண்ணு பார்க்கப் போனது அம்மாங்க மிஸ். நான் போயிருந்தா இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றார். வில்கமுவவிலிருந்து காய் கொண்டுவரும்போது பஸ்ஸில் ஒரே ஓர் இடம் கிடைத்தால், அதில் பெட்டியை வைத்துவிட்டு மாத்தளை வரை நின்றே வருவார்.

பல்லேபொல வீட்டுத்தோட்டக் காய்கள் என் கணினியில், ஒளியும் அளவும் ஒத்துப்போகும் கோட்டோடு ஒழுங்காக வந்து நின்றன. வில்கமுவக் காய்களில் ஒரு பெட்டி மட்டும் அந்தக் கோட்டிலிருந்து விலகி நின்றது. எனக்கு அப்போது நிரந்தர நியமனக் கடிதம் வரவிருந்த நேரம். மேலிடத்துக்குக் காட்ட அழகான கோடு ஒன்று வேண்டியிருந்தது. அந்தப் பெட்டியின் எண்களை அப்படியே நீக்கிவிட்டேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருடைய கொப்பியில் அந்தக் காய்களுக்கு நேரே 'உச்சி வெயிலில் சூடேறிய காய்' என்று எழுதியிருந்ததையும் படிக்கவில்லை. காய் சூடேறினால் திரும்பி வரும் ஒளியும் மாறும். சூடான காயைப் பார்த்தே இராத ஒரு கருவியை நான் வில்கமுவ வெயிலுக்கு அனுப்பிவைத்தேன்.

அங்கே சுமணபால என்ற விவசாயியின் தோட்டத்தில் நண்பகலில் கருவியை வைத்துப் பார்த்தார்கள். முற்றிவிட்டது என்றது. அதை நம்பி அவர் தோட்டம் முழுவதையும் பறித்தார். ஒரு காய்கூட ஒழுங்காகப் பழுக்கவில்லை. எல்லாம் தோல் சுருங்கி வெம்பிப்போயின.

பணிப்பாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் முந்திக்கொண்டார். "அடுப்புல சூடு போதாம, துண்டு சரியாக் காயாம இருந்திருக்கும் சேர். நான்தான் கவனிக்கல."

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "உங்களுக்கு இன்னும் லெட்டர் வரல மிஸ். என்னைய ஒரு ஏச்சு ஏசுவாங்க, அவ்வளவுதான். நீங்க அந்தப் பெட்டிய மட்டும் திரும்பப் போட்டுருங்க."

போட்டேன். கருவி திருந்தியது. சுமணபாலவின் ஏச்சை வாங்க அவரே வில்கமுவ போனார். நான் காய்ச்சல் என்று வீட்டில் இருந்துவிட்டேன்.

ஆனால் ஓர் ஏச்சோடு முடியவில்லை. அன்றிலிருந்து அவர் நிறுத்த ஒவ்வொரு தட்டையும் இன்னொருவர் மறுபடி நிறுத்துக் கையொப்பமிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டப்பெயரும் வந்தது. அடுத்த மாதம் எனக்குக் கடிதம் வந்தது. கடிதம் வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன். சொல்லவில்லை. பிறகு பேசலாம் என்று ஆண்டுகள் போயின. தான் நிறுத்த தட்டை இன்னொருவர் திரும்ப நிறுப்பதைக் கைகட்டிப் பார்த்தபடி அண்ணன் நின்ற நாட்களில், நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன்.

செத்த வீட்டுக்குச் சுமணபால இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நல்ல மனுஷன், அடுத்த வருஷம் என் தோட்டத்துக்கே வந்து ஒவ்வொரு மரமாகப் பார்த்துத் தந்தார், அந்த அடுப்பில்தான் கொஞ்சம் கவனம் போதாது என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அழுகிறேன் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அவருடைய பிள்ளைகளும், அவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் வாசிக்கட்டும். அடுப்பில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை. அவர் நிறுத்த எடை ஒவ்வொன்றும் சரி. பிழை என்னுடையது. இதைச் சுமணபாலவுக்கு நேரில் சொல்ல வருகிற வாரம் வில்கமுவ போகிறேன். இந்த முறை காய்ச்சல் வராது.

அண்ணனின் ஞாபகமாக என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், படமோ கொப்பியோ எதுவும் இல்லை. அலுமாரியில் என் நியமனக் கடிதம் இருக்கிறது. தன் நல்ல பெயரைக் கொடுத்து அவர் எனக்கு வாங்கித் தந்தது.