வாசலுக்கு மேல் இருந்த கல்

படியில் தொங்குபவர்களைத் திட்டித் திட்டியே தொண்டை கட்டிப்போனவர் சங்கையா. டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றபின் அந்தக் கோபமெல்லாம் அவர் பிறந்து, இன்றும் குடியிருக்கிற வீட்டின் மேல் திரும்பியது. அதை யார் கட்டியது, எந்த வருஷம் என்று கேட்டு ஆறு மாதமாக அலைகிறார். திருச்சுழி பத்திர ஆபீசுக்கு நான்கு தடவை போயும் ஒரு பத்திரம் சிக்கவில்லை. வீட்டுக்கு மரம் வீரசோழன் சந்தையில் வாங்கியது என்று யாரோ சொல்ல, அங்கேயும் போய் வெறுங்கையோடு திரும்பினார்.

"ஒரு பயலுக்கும் ஒண்ணும் தெரியல!" என்று பாளையம்பட்டி டீக்கடையில் கத்தினார்.

பக்கத்திலிருந்த வயதான கொத்தனார் நிமிர்ந்தார். "எதுக்குய்யா ஊர் ஊரா அலையிறீக? ஒங்க வாசலுக்கு மேல இருந்த கல்லுலயே பேரும் வருசமும் வெட்டியிருந்துச்சே. நான் பாத்திருக்கேன்."

சங்கையாவுக்குச் சுருக்கென்றது. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து எழுத்து மூடிப்போன கல் அது. முன்வாசலை இடித்துக் கட்டும்போது அவர்தான் அதைக் கழற்றித் துவைக்கிற கல்லாகக் கொல்லையில் போட்டார்.

பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஓடினார். மனைவி சுமதி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளை விலக்கிவிட்டு நுரையை வழித்துப் பார்த்தார். கல் முழுக்க உளி கொத்திய புள்ளிகள்தான் இருந்தன.

"இதுல இருந்த எழுத்து எங்கடி?" என்று பாய்ந்தார்.

"என்னமோ கோடு கோடா இருந்துச்சு. கல்லு வழுக்குதுன்னு அம்மி கொத்துறவரக் கூட்டியாந்து, 'ஒரு எடம் விடாமக் கொத்துய்யா'ன்னு பக்கத்துலயே நின்னது ஆரு?" என்றாள் சுமதி.